உப்பளத்துப் பிள்ளைகளுக்காக வேதாரண்யம் முதல் தூத்துக்குடி வரை: கூட்டாகச் சைக்கிள் மிதிப்பது எப்படி

வறுமையை ஒழிக்கச் சைக்கிள் பயணம் என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பணம் தரமாட்டார்கள். எந்த ஊரில், யாருக்கு, எதற்கு என்பது முதலில் முடிவாக வேண்டும். நாங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். வேதாரண்யத்தில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தூத்துக்குடி வரை 300 கிலோமீட்டருக்கு மேல் மிதிக்கிறோம். இரண்டு முனையிலும் உப்பளம். ஐப்பசியில் மழை பிடித்தால் பாத்தியெல்லாம் தண்ணீர், மார்கழி முடியும்வரை கூலி கிடையாது. அந்த மாதங்களில் வாங்கும் வட்டிக் கடனை அடுத்த கோடை முழுக்க அடைக்கிறார்கள். அந்தக் கடன் பிள்ளைகள் படிப்பில் கை வைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் நோக்கம்.

என்ன தேவை என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். விடிகாலையில் உப்பளத்துக்கே போய்க் கேளுங்கள். தூத்துக்குடியில் ஓர் அக்கா தலைச்சுமையை இறக்கிவிட்டுச் சொன்னார்: “பள்ளிக்கூடத்துக்குக் கவர்மெண்ட்டு குடுத்துருது அண்ணாச்சி. மூத்தவளுக்குக் காலேஜ் ஆஸ்டல் பீஸு கார்த்திகையிலதான் கேக்காவ. அப்பப் பாத்து எங்க கையில ஒத்தப் பைசா இருக்காது.” நாங்கள் விடுதிக் கட்டணத்தை எடுத்துக்கொண்டது அப்படித்தான்.

அடுத்தது பணம். வங்கியில் வேலை பார்த்தவன் நான், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பயணச் செலவு முழுவதும் ஓட்டுகிறவர்கள் கைக்காசு. சாப்பாடு, மண்டப வாடகை, டீசல் எதுவும் நன்கொடையில் போகக் கூடாது. இதை நோட்டீசின் முதல் வரியிலேயே போடுங்கள். டீக்கடைக்காரர்கூட 50 ரூபாயை நம்பி எடுத்துக் கொடுப்பார்.

வசூல் உங்கள் சொந்தக் கணக்குக்கு வர வேண்டாம். பதிவு செய்த, வரிச்சலுகைச் சான்று உள்ள ஓர் அறக்கட்டளையின் கணக்குக்கு நேராகப் போகட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கழிவு கிடைக்காது, அதையும் சொல்லிவிடுங்கள். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார்கள். இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கென அனுமதி பெற்ற அறக்கட்டளை மட்டுமே வாங்கலாம். சொந்தத் தம்பியாக இருந்தாலும் சட்டம் இதுதான்.

சரி, சாலைக்கு வருவோம். மாசி தொடக்கம் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்று இன்னும் இருக்கும். முத்துப்பேட்டை தாண்டிச் சாலை தெற்கே இறங்கும்போது காற்று முதுகில் தள்ளும். ஆடியில் இதே வழியில் வந்தால் எதிர்க்காற்றில் பாதிப் பேர் வேனில் ஏறிவிடுவார்கள்.

அதிராம்பட்டினம், தொண்டி, ராமநாதபுரம், சாயல்குடி என்று இரவுத் தங்கல் வைத்தால் ஐந்தாம் நாள் தூத்துக்குடி. மாசியில் முகூர்த்தம் அதிகம், ஆகவே கல்யாண மண்டபத்தைக் கார்த்திகையிலேயே பேசிவிடுங்கள். காலை 5 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிட வேண்டும். முன்னும் பின்னும் விளக்கு இல்லாத வண்டியைக் கிளப்பவே விடாதீர்கள். ஒற்றை வரிசைதான், ஜோடி போட்டுப் பேசிக்கொண்டு போவதெல்லாம் கூடாது.

கூட்டத்தில் நன்றாக ஓட்டுகிறவரைக் கடைசியில் விடுங்கள். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. முன்னால் போகிறவர் மெதுவாக ஓட்டுகிறவரின் வேகத்துக்கு மிதிக்க வேண்டும். வேகம் காட்ட நினைப்பவர்களுக்கு வேறு போட்டிகள் இருக்கின்றன.

ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் சீமைக் கருவேல முள்தான் பெரிய எதிரி. பஞ்சர் ஆனதும் டியூபை மட்டும் மாற்றி மாட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள், கொஞ்ச தூரத்தில் மறுபடி காற்று இறங்கிவிடுகிறது. முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயரைக் கழற்றி, உட்புறம் பழைய துணியை வைத்து மெதுவாகச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். துணி சிக்கும் இடத்தில்தான் முள். அதை உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளி, நகவெட்டியால் பிடித்து இழுத்துவிட்டுப் பிறகு டியூபை மாட்டுங்கள். ஒல்லி வால்வு வண்டி வைத்திருப்பவர்கள் அதற்கான சின்னப் பித்தளை அடாப்டரைக் கையோடு வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் ஊர்க் கடையில் காற்று அடிக்க முடியாது.

கூடவே ஒரு டாடா ஏஸ் வரட்டும்: தண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி, உதிரி டியூப், களைத்தவர் ஏற இடம். வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி, கலந்து வைத்துக்கொள்ளுங்கள். கடலை மிட்டாயும் வாழைப்பழமும் வழியெல்லாம் கிடைக்கும்.

உப்பளத்தில் நிறுத்தும்போது தொழிலாளிகளை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். உதவி பெறும் பிள்ளைகளை மேடை ஏற்றி உறை கொடுப்பதும் வேண்டாம். கட்டணம் கல்லூரி விடுதிக் கணக்குக்கு நேராகப் போகட்டும், ரசீது மட்டும் அம்மா கைக்கு வரட்டும்.

ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் வரவு செலவைப் பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், 50 ரூபாய் கொடுத்த டீக்கடைக்காரருக்கும் சேர்த்து. பட்டப்படிப்பு மூன்று வருடம். முதல் வருடம் கட்டணம் கட்டிய பிள்ளைக்கு அடுத்த இரண்டு வருடத்துக்கும் பணம் ஒதுக்கிய பிறகே புதுப் பெயரைப் பட்டியலில் சேருங்கள்.