மின்பணிக்கு உரிமம் தேவையா? தொடங்கும் முன் முடிவு செய்யும் முறை

ஒரு மின்பணியை நாமே செய்யலாமா, உரிமம் பெற்றவரைத்தான் அழைக்க வேண்டுமா என்பதை வேலை பெரிதா சிறிதா என்று பார்த்து முடிவு செய்வதே பலரின் வழக்கம். சட்டங்கள் பெரும்பாலும் அப்படிப் பார்ப்பதில்லை. எனவே கீழ்க்கண்ட வரிசையில் சரிபார்ப்பது நல்லது.

படி 1: உரிமம் வழங்குபவர் யார் என்று அறியுங்கள். இந்தியாவில் மாநில அரசுகள் வழங்குகின்றன. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இல்லினாய் போன்ற இடங்களில் அந்தப் பொறுப்பு உள்ளாட்சிகளிடமே உள்ளது.

படி 2: வேலையின் தன்மையைப் பாருங்கள். முக்கியமான படி இதுதான். இந்திய மின்சார விதிகள், 1956-இன் 45-ஆம் விதி, மின்விளக்கு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச் முதலியவற்றை மாற்றுவதற்கு உரிமத் தேவையிலிருந்து விலக்கு அளித்தது. ஆனால் அம்மாற்றத்தால் மின்னமைப்பின் திறனோ தன்மையோ சிறிதும் மாறக் கூடாது என்று நிபந்தனையும் விதித்தது. 2010-இல் வந்த ஒழுங்குமுறைகளும் இதே அளவுகோலைத் தொடர்ந்தன. பழுதான 6 ஆம்பியர் பிளக் பாயிண்டைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதியதைப் பொருத்தினால் அது வெறும் மாற்றீடு. அதே இடத்தில் ஹீட்டருக்காக 16 ஆம்பியர் பாயிண்டைப் பொருத்தினால், வெளியே தெரியும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும், சுவருக்குள் இருக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஹீட்டரின் சுமைக்காகப் போடப்பட்டதன்று என்பதால், அது விலக்கின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைக் கட்டுவதும் அப்படியே.

படி 3: யாருக்கு விலக்கு என்று படியுங்கள். வீட்டு உரிமையாளருக்குச் சலுகை தரும் பல சட்டங்கள், அது அவர் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும் என்று வரையறுக்கின்றன; வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அது பொருந்தாமல் போகலாம். பயிற்சி பெறுபவர்கள் உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் மட்டுமே வேலை செய்யலாம்.

படி 4: உரிம விலக்கையும் ஆய்வு விலக்கையும் ஒன்றாகக் கருதாதீர்கள். நியூசிலாந்தில் தம் வீட்டில் சில வயரிங் வேலைகளை உரிமையாளரே செய்துகொள்ளலாம். ஆயினும் உரிமம் பெற்ற ஆய்வாளர் சோதித்த பிறகே புதிய வயரிங்குக்கு இணைப்புத் தர முடியும். இங்கிலாந்திலோ, 2005 முதல் நடைமுறையில் உள்ள கட்டட விதிகளின் ‘பி’ (P) பகுதிப்படி, புதிய சர்க்யூட் அமைப்பது போன்ற வேலைகளை உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு செய்ய வேண்டும்.

படி 5: ஆளை அமர்த்துவதானால், ஒப்பந்ததாரரின் உரிமத்தையும் வேலை செய்பவரின் தகுதிச் சான்றிதழையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். முன்னது தொழில் நடத்துவதற்கானது. பின்னது கையில் டெஸ்டர் பிடிப்பவருக்கானது. பெயர், செல்லுபடியாகும் நாள், அனுமதிக்கப்பட்ட மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் சரிபார்த்து, வேலை முடிந்ததும் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிய பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள்.