வாலாட்டிய கேரவன்

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி வேகம் 60ஐத் தொட்டதுமே கேரவன் பின்னால் வாலாட்டத் தொடங்கியது. கடலூரில் நானே கட்டியது, தண்ணீரோடு சேர்த்து 800 கிலோ. இழுப்பது பொலேரோ பிக்கப். "பெரிய வண்டியா வாங்குப்பா" என்றார் மாமா. சொல்வது சுலபம்!

முதுநகர் மண்டியில் மூட்டைத் தராசை இரவல் வாங்கினேன். கேரவனைப் பிக்கப்போடு இணைக்கும் ஹிட்சின் உயரத்துக்குக் கல் அடுக்கி, அதன்மேல் தராசை வைத்து, கேரவனின் முன்முனையை இறக்கினேன். 40 கிலோதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதமாவது ஹிட்சில் உட்கார வேண்டும்; இல்லாவிட்டால் வால் ஆடும். குற்றவாளி, நான் வால்பக்கம் வைத்த 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அதைச் சக்கர அச்சுக்கு முன்னால் மாற்றினேன். முள் 95இல் நின்றது. மூக்கும் கொஞ்சம் தூக்கியிருந்தது; பிக்கப்பில் இருக்கும் ஹிட்ச் உருண்டையை 2 அங்குலம் இறக்கினேன்.

அப்புறம் தவளக்குப்பம் வரை அதே 60. கண்ணாடியில் கேரவன் சாதுவாக வந்தது.