சவரக்கத்திக்கு ஏற்ற தோல் வாரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சலூன்களில் இன்று புழங்கும் மடக்குக் கத்தியில் பாதி பிளேடைச் செருகிச் சவரம் செய்து, முடிந்ததும் பிளேடை எறிந்துவிடுகிறார்கள்; அதற்கு வார் தேவையில்லை. இந்தக் குறிப்பு, சோலிங்கன், ஷெஃபீல்டு போன்ற ஊர்களில் செய்யப்பட்ட, அலகே பிளேடாக அமைந்த முழுக் கத்தியை வைத்திருப்பவர்களுக்கானது. கத்தி ஏற்கெனவே சாணைக்கல்லில் கூராக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில், மழுங்கிய கத்தியை வெறும் தோல் வார் கூராக்குவதில்லை. சவரத்தில் சற்றே வளைந்த நுண்ணிய விளிம்பை நேராக்கி, மெருகேற்றித் தருவதே அதன் வேலை.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்திலோ, மலைப்பாதை ஏறி வி.கோட்டா பக்கமோ இருப்பவர்கள் வெளிநாட்டு வாருக்குப் பணம் அனுப்பும் முன் உள்ளூர்த் தோல் கடைக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இங்கே கிடைக்கும் தோலில் பெரும்பகுதி காலணியின் மேல்பாகத்துக்காகக் குரோம் உப்பில் பதனிட்டது; மெல்லியது, துவளக்கூடியது, இழுத்தால் நீளக்கூடியது. வாருக்கு வேண்டியது ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட, விறைப்பான மாட்டுத் தோல் அல்லது எருமைத் தோல். "பாய், குரோம் வேண்டாம், பட்டையில பதனிட்டதா கொடுங்க" என்று கேட்டால் போதும், கடைக்காரருக்குப் புரியும். கேட்டதோடு விடாமல், தோலின் வெட்டுவாயையும் பாருங்கள். மேலே எந்தச் சாயம் பூசியிருந்தாலும், குரோம் தோலின் நடு அடுக்கு பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரியும்; பட்டைத் தோல் உள்ளும் புறமும் பழுப்பாக இருக்கும். ஆட்டுத் தோல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், தடிப்பு போதாது.

அடுத்து, தோலின் எந்தப் பகுதி என்று பார்க்க வேண்டும். முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் இழைகள் நெருக்கமாகவும், வயிற்றுப் பகுதியில் தளர்வாகவும் இருக்கும். மேல்பக்கம் உள்ளே வருமாறு மெதுவாக வளைத்தால், வயிற்றுத் தோலில் பெரிய பெரிய சுருக்கங்கள் எழும்பும், முதுகுத் தோலில் மெல்லிய கோடுகள் மட்டுமே விழும். வாரை முதுகெலும்புக்கு இணையாக, நீளவாக்கில் வெட்டித் தரச் சொல்லுங்கள். குறுக்கே வெட்டினால் நாளடைவில் நீண்டு தொய்ந்துவிடும்.

அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மூன்று அங்குல அகலம், இருபது அங்குலத்துக்குக் குறையாத நீளம், ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தடிப்பு. கத்தியின் அலகும் ஏறத்தாழ மூன்று அங்குலமே என்பதால், இந்த அகலத்தில் நேராக இழுத்தாலே முழு விளிம்பும் தோலில் படும். இரண்டரை அங்குல வாரில் கத்தியைச் சாய்வாக நகர்த்திக்கொண்டே இழுக்க வேண்டும். பழகிவிட்டால் அதிலும் குறையில்லை.

இனி வருவதுதான் தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம்: தோலின் இழுவை. கத்தி நகரும்போது தோல் அதை எந்த அளவுக்குப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது என்பதையே இழுவை என்கிறேன். எண்ணெயும் மெழுகும் நன்கு ஏறிய தோலில் இழுவை மிகுதி. அங்கே கத்தியைத் தள்ள வலு கொடுக்கிறோம், மணிக்கட்டு திருகுகிறது, கத்தியின் முதுகு, அதாவது விளிம்புக்கு எதிரே உள்ள தடித்த பக்கம், மேலெழும்பி விளிம்பு தோலில் அழுந்தி மழுங்கிவிடுகிறது. பளபளப்புக்காக மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த தோலில் நிலைமை நேர்மாறானது. கத்தி வழுக்கிக்கொண்டு போகும், வேலை நடக்கிறதா என்பதே கைக்குத் தெரியாது. கடைக்குக் கத்தியைக் கொண்டுபோக முடியாது என்பதால் ஒரு எவர்சில்வர் ஸ்கேலை எடுத்துச் செல்லுங்கள். தோலின் மேல்பக்கத்தில் அதைப் படுக்கவைத்து, அழுத்தாமல் ஒரு விரலால் நகர்த்திப் பாருங்கள். சிக்கிச் சிக்கி நகர்ந்தால் வேண்டாம், கண்ணாடியில் நகர்வதுபோல ஓடினாலும் வேண்டாம்; மெல்லிய, ஒரே சீரான தடையோடு நகர வேண்டும். புதிய தோலில் இழுவை சற்றுக் குறைவாகத் தோன்றினால் கவலை வேண்டாம். கழுவி உலர்த்திய உள்ளங்கையால் தினமும் சிறிது நேரம் தேய்த்துவந்தால் கையின் வெப்பமும் இயல்பான எண்ணெய்ப் பசையும் அதைப் பக்குவப்படுத்திவிடும். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஊற்றிவிடாதீர்கள்.

தொங்கும் வாரா, பலகையில் ஒட்டிய வாரா என்ற கேள்விக்கு, தொடக்கத்தில் பலகை என்பதே என் பதில். தொங்கும் வாரை விறைப்பாக இழுத்துப் பிடிக்காவிட்டால் நடுவில் தொய்வு விழும், விளிம்பு உருண்டுவிடும். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தால் ஆடாத அளவுக்குச் சமமான தேக்குப் பலகையில் ரப்பர் பசையை மெல்லியதாக, ஒரே சீராகப் பூசித் தோலை ஒட்டலாம். பசை ஓரிடத்தில் திரண்டால் அந்த இடத்தில் மேடு விழும், ஒவ்வொரு இழுப்பிலும் கத்தி அதில் தட்டும்.

தீட்டும்போது கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரத் தோலில் படிந்திருக்க, முதுகு முன்னே செல்ல வேண்டும், விளிம்பு பின்தொடர வேண்டும். கோடியை அடைந்ததும் முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல், அதன் மேலேயே கத்தியைப் புரட்ட வேண்டும். கத்தியின் எடையே போதும். முதலில் காடாத் துணியில் இருபது முறை, பிறகு தோலில் ஐம்பது முறை. வேகம் தேவையே இல்லை.

பின்னர் சேர்த்தவை: பழைய பெல்ட் உதவுமா என்று சிலர் கேட்டிருந்தனர். பெரும்பாலான பெல்ட்டுகள் இரண்டு அடுக்காகத் தைத்தவை, மேலே பூச்சுள்ளவை, அகலமும் போதாதவை; தையல் நூலில் விளிம்பு இடறும். பச்சைப் பசையை, அதாவது குரோமியம் ஆக்சைடைப் பூசலாமா என்பது இன்னொரு கேள்வி. அது விளிம்பைத் தேய்க்கும் பொருள். அன்றாட வாரில் பூசினால் திரும்ப எடுக்க முடியாது. வேண்டுமென்றால் தனியாக ஒரு சிறு துண்டில் பூசி, சவரத்தில் கத்தி முடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கும்போது மட்டும் அதில் சில முறை தீட்டுங்கள்.

புரட்டும்போது வாரில் வெட்டு விழுந்துவிட்டது என்று எழுதியவர்களுக்கு: ஓரத்தில் விழுந்த சிறு வெட்டாக இருந்தால், எழும்பி நிற்கும் தோல் நுனியைத் துளி பசையால் ஒட்டி, காய்ந்தபின் 400 எண் உப்புத்தாளால் சமமாகத் தேய்த்துவிட்டால் தொடர்ந்து பயன்படுத்தலாம். வெட்டு நடுவில் ஆழமாக இறங்கியிருந்தால் தோலை உரித்துவிட்டுப் புதிய துண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். பலகையைப் பரிந்துரைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.