கத்திரியில் காற்றைக் குறைக்காதீர்கள்: பெரிய வண்டி டயர்களுக்கு ஒரு கோடைக் கையேடு

ஏப்ரல் பிறந்தால் போதும், திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூர் வரை பல பஞ்சர் கடைகளில் ஒரே அறிவுரைதான். "வெயில் காலம் சார், காத்து சூடாகி டயர் வெடிச்சிடும். அஞ்சு பாயிண்ட் கம்மியா வெச்சுக்கோங்க." அக்கறையோடு சொல்வதுதான், ஆனால் விஷயம் நேர் தலைகீழ். கோடையில் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் காற்று குறைந்து போனதுதான். மஹிந்திரா தார், ஸ்கார்பியோ, கூர்க்கா, ஃபார்ச்சூனர் மாதிரி எடை கூடிய, உயரமான வண்டிகளில் இந்தத் தவறு உயிரைக் குடிக்கும்.

டயர் ரோட்டைத் தொடும் இடத்தில் வண்டியின் எடையால் டயரின் பக்கச் சுவர், அதாவது சைடுவால், சற்றுப் பிதுங்கும். சுற்றி மேலே போனதும் நிமிரும். 255/65 ஆர் 18 அளவு டயரின் விட்டம் ஏறத்தாழ 789 மில்லிமீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. சைடுவாலின் ஒவ்வொரு இடமும் வினாடிக்கு 9 முறை மடங்கி நிமிர்கிறது என்று அர்த்தம். ஒரு கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வேகமாக மடக்கிப் பாருங்கள். மடக்கிய இடம் முதலில் சுடும், பிறகு முறியும். காற்று குறைந்தால் மடங்கும் ஆழம் கூடும், சூடும் கூடும். கீழே ரோடே 60 டிகிரியைத் தொட்டிருக்கும் மே மாத மதியத்தில் அந்தச் சூடு இறங்க வழியில்லை. ரப்பருக்கும் உள்ளிருக்கும் எஃகு பெல்ட்டுக்கும் நடுவே பிடிப்பு விட்டுப்போகும். பிறகு மேல்தோல் பட்டையாக உரிந்து வரும், அல்லது சைடுவால் கிழியும். 'டமார்' என்ற சத்தம் கடைசிக் கட்டம்தான். சேதம் அதற்குப் பல நாள் முன்பே உள்ளே தொடங்கியிருக்கும்.

டயரைப் பலூனாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. எம்.ஆர்.எஃப் 1946-ல் நம் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சின்னத் தொழிலாகத்தான் ஆரம்பித்தது. டயர் பக்கம் வந்தது 1960-களில். பலூனில் ரப்பர் மட்டும்தான் உண்டு. டயருக்குள் நூல் அடுக்கு, எஃகு பெல்ட், ரிம்மைக் கவ்வும் பீட் கம்பி என்று ஒரு கட்டுமானமே இருக்கிறது. ஓட ஓட அழுத்தம் கூடும் என்பதைக் கணக்கில் வைத்தே அதைச் செய்திருக்கிறார்கள்.

சூட்டில் காற்றை இறக்கினால் என்ன ஆகும்

வண்டியின் ஸ்டிக்கரில் 35 பாயிண்ட் (பி.எஸ்.ஐ) என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு, 29 டிகிரியில், சரியாக 35 வைக்கிறீர்கள். மதியம் வெளிவட்டச் சாலையில் ஓடிய பிறகு டயருக்குள் காற்று 65 டிகிரி ஆகிவிட்டால் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஏறத்தாழ 41 காட்டும். இது இயல்பான ஏற்றம். அதைப் பார்த்துப் பயந்து, சூட்டோடு சூடாக 35-க்கு இறக்குகிறீர்கள். மறுநாள் காலை டயர் ஆறியதும் அதே டயரில் 30 பாயிண்ட்கூட முழுதாக இருக்காது. ஒரே ஒரு தடவை இறக்கியதற்கே இந்தக் கதி. ஒவ்வொரு வாரமும் மதியத்தில் போய்ச் 'சரி' செய்துகொள்கிறவர்களின் வண்டி எப்போதும் பசியோடுதான் ஓடுகிறது.

அதனால் அளப்பது எப்போதும் ஆறிய டயரில்தான். வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும். ஓட்டியிருந்தாலும் 2 கிலோமீட்டருக்குள், மெதுவாக ஓட்டியிருக்க வேண்டும். கோடையில் காலை 7 மணிக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. நிறுத்திய வண்டியில் காலை வெயில் படும் பக்கத்து டயர் 8 மணிக்கே ஒன்றிரண்டு பாயிண்ட் கூடக் காட்டும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி டாஷ்போர்டில் வையுங்கள். பங்கில் இருக்கும் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. எப்போதும் ஒரே கேஜில் அளந்தால்தான் எந்தச் சக்கரத்தில் மெல்லக் கசிகிறது என்பது பிடிபடும்.

எவ்வளவு வைப்பது? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் இருக்கும் ஸ்டிக்கரில் இரண்டு கணக்கு இருக்கும்: குறைந்த ஆட்களுக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று. ஏழு பேரும் பெட்டிகளும் ஏறித் தடா, நெல்லூர் பக்கம் கிளம்புகிறீர்கள் என்றால் முழு லோடு கணக்கு. டயரிலேயே பொறித்திருக்கும் 44 அல்லது 51 என்ற எண்ணைப் பார்த்து நிரப்பாதீர்கள், அது அந்த டயரின் உச்ச வரம்பு. டாஷ்போர்டில் டயர் விளக்கு எரியவில்லை என்பதையும் நம்ப வேண்டாம். பல வண்டிகளில் அழுத்தம் கால் பங்கு குறைந்த பிறகுதான் விளக்கு எரியும். 35 வைத்த டயர் 26-க்கு வரும் வரை அது வாய் திறக்காது.

நைட்ரஜன் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஈரம் இல்லை, அது நல்லதுதான். ஆனால் சூட்டில் அதன் அழுத்தமும் சாதாரணக் காற்றைப் போலவே ஏறும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். நைட்ரஜன் பிடித்துப் பச்சை வால்வு மூடி போட்டாகிவிட்டது என்று மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டால் பலனில்லை.

எந்த டயர் வாங்குவது

குளிர் நாடுகளில் கோடை டயர், குளிர்கால டயர் என்று இரண்டு செட் வைத்து மாற்றுவார்கள். 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும், அதனால்தான். நமக்கு வருடம் முழுக்கக் கோடை டயர்தான். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் போட்ட டயர் மலிவாகக் கிடைத்தாலும் இங்கே எடுக்காதீர்கள். அது பனிக்காகச் சோதித்த டயர். குளிர்காலத்துக்கென்றே செய்த மென்மையான ரப்பராக இருந்தால் நம் வெயிலில் கிடுகிடுவெனத் தேயும். 'எம் பிளஸ் எஸ்' (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் கவலை இல்லை. பெரிய வண்டி டயர்கள் பலவற்றில் அது இருக்கும்.

வகை மூன்று. ரோட்டுக்கானது ஹெச்/டி, ரோடும் மண்ணும் கலந்தது ஏ/டி, சேற்றுக்கானது எம்/டி. தண்டையார்பேட்டை, மாதவரம், புழல் என்று ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓடும் வண்டிக்கு ஹெச்/டி போதும், அதுவே குளுமையாகவும் ஓடும். பொன்னேரி பக்கத்து மண் ரோடு, கட்டடம் நடக்கும் இடங்கள் என்று அடிக்கடி போகிறவர்களுக்கு ஏ/டி. எம்/டி பார்க்க முரட்டு அழகுதான். ஆனால் மேல்தோலில் இருக்கும் பெரிய ரப்பர் கட்டிகள், அதாவது பட்டன்கள், ஒவ்வொன்றும் ரோட்டில் நெளிந்து நெளிந்து சூடாகும், பிரேக் தூரம் கூடும், ஈர ரோட்டில் வழுக்கும், டீசலும் குடிக்கும். வெளிவட்டச் சாலையில் வேகமாக ஓட்டவா எம்/டி? வேண்டாம்.

வாங்கும்போது சைடுவாலில் நான்கைப் படியுங்கள். முதலாவது லோடு எண்: 109 என்றால் ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது. அதற்குப் பக்கத்தில் வேக எழுத்து: எஸ் என்றால் 180, ஹெச் என்றால் 210 கிலோமீட்டர். மூன்றாவது தயாரித்த வாரம்: 1425 என்று நான்கு இலக்கம் இருந்தால் 2025-ம் ஆண்டின் 14-வது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் குடோனில் கிடந்த டயரை முழு விலைக்கு எடுக்காதீர்கள். நான்காவது ஐ.எஸ்.ஐ முத்திரை.

அளவை ஏற்றும் ஆசை இருந்தால் மொத்த விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. 255/65 ஆர் 18 இருந்த இடத்தில் 265/70 ஆர் 18 போட்டால் விட்டம் 828 மில்லிமீட்டர் ஆகும், அதாவது 5 சதவீதம் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-ல் போகும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள் ஃபெண்டரில் உரசும். 'எல்.டி' என்று தொடங்கும் லாரி வகை டயருக்கு மாறுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதன் சைடுவால் தடிப்பு, ஆனால் அதே பாயிண்டில் சாதாரண டயரைவிடக் குறைந்த எடையைத்தான் தாங்கும். பழைய 35-ஐயே வைத்தால் அது காற்று குறைந்த டயர்தான். டயர் கம்பெனியின் லோடு அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதன்படி ஏற்றி வையுங்கள்.

கன்டெய்னர் ரோடும் உப்புக் காற்றும்

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கத்திலும் ரோட்டோரம் இரும்புக்குப் பஞ்சமில்லை. பேக்கிங் கட்டும் எஃகுப் பட்டையின் துண்டு, சரக்கை இறுக்கிக் கட்டும் லாஷிங் கம்பி, நட்டு, போல்ட் எல்லாம் கிடக்கும். ஓரமாக ஒதுங்கி ஓட்டினால் அவற்றின் மேல்தான் ஏறுவீர்கள். வாரம் ஒருமுறை ஸ்டியரிங்கை ஒடித்துவைத்து முன் டயர்களின் காடிகளை டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னக் கல் சிக்கியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுக்கலாம். ஆணியோ பட்டைத் துண்டோ இருந்தால் பிடுங்காமல் கடைக்கு ஓட்டிப் போங்கள்.

கடையில் கேட்க வேண்டியது இதுதான்: "தம்பி, டயரைக் கழட்டி உள்பக்கம் காட்டுங்க." வெளியிலிருந்து திணிக்கும் ஸ்ட்ரிப் அவசரத்துக்குச் சரி. ஆனால் நெடுஞ்சாலையில் ஓடும் கனத்த வண்டிக்கு, உள்ளிருந்து ஒட்டும் காளான் பேட்ச்தான் சரியான வேலை. ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள், பட்டன் பகுதியின் நடுவில் இருந்தால் மட்டுமே ஒட்டலாம். டயரின் தோள்பட்டையிலோ (பட்டன் பகுதியின் ஓரம்) சைடுவாலிலோ ஒட்டித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். உள்பக்கம் கறுப்புத் தூளாக ரப்பர் உதிர்ந்திருந்தாலோ, சைடுவாலைச் சுற்றி வளையமாக உரசல் தெரிந்தாலோ, அந்த டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது. பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அதை மறுபடி மாட்டக் கூடாது.

கடலோரத்தில் நிறுத்தும் வண்டிகளுக்கு இன்னொரு நோய் வால்வு. மூடி இல்லாத வால்வில் உப்பு ஈரமும் சாம்பல் தூசியும் இறங்கி, உள்ளே காற்றை அடைத்து நிறுத்தும் 'பின்' அரிபடும். காற்று வாரத்துக்கு இரண்டு மூன்று பாயிண்ட் சத்தமில்லாமல் போகும். காற்று பிடித்ததும் வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்பு நீர் விட்டுப் பாருங்கள், குமிழி வந்தால் பின்னை மாற்ற வேண்டும். டயர் அழுத்தம் பார்க்கும் சென்சார் உள்ள வண்டிகளில் வால்வுத் தண்டு பெரும்பாலும் அலுமினியம். அதில் சாதாரணப் பித்தளைப் பின்னைப் போட்டால் இரண்டு உலோகமும் உப்பில் ஒன்றையொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும், கழற்றும்போது தண்டே முறியும். நிக்கல் பூசிய பின், பிளாஸ்டிக் மூடி. இந்த இரண்டையும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மணலில் ஏற வேண்டி வந்தால் மட்டும் காற்றை இறக்கலாம்: 18 பாயிண்ட் வரை, வேகம் 20-க்குள், ஸ்டியரிங்கை வெடுக்கென ஒடிக்காமல். கையோடு 12 வோல்ட் கம்ப்ரசர் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. ரோட்டில் ஏறும் முன் பழைய அளவுக்கு நிரப்பியாக வேண்டும். கடற்கரை மணலில் வண்டி இறக்காதீர்கள். பங்குனி ஆமை என்ற கடலாமை ஜனவரியிலிருந்து முட்டையிடும் கரை இது. புதைத்த முட்டை மேலே நிற்பவருக்குத் தெரியாது.

தேய்மானமும் 4x4-உம்

8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றி, அலைன்மென்ட்டும் பாருங்கள். ஸ்டெப்னி அதே அளவென்றால் அதையும் சுற்றில் சேருங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு டயர் புதிது, மூன்று பழையது என்று இருந்தால் அவை வேறு வேறு வேகத்தில் சுற்றும், அந்த இழுபறி கியர் பெட்டிகளில் போய் இறங்கும். முன் டயருக்கும் பின் டயருக்கும் பட்டன் உயரத்தில் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். தார் மாதிரி வண்டிகளில் காய்ந்த ரோட்டில் 4-ஹெச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு ஓட்டுவதும் டயரைத் தின்னும்.

பட்டன் 1.6 மில்லிமீட்டர் வரை தேய்ந்ததும் காடிக்குள் இருக்கும் மேடு அதன் மட்டத்துக்கு வந்துவிடும். அது சட்டத்துக்கான எல்லை. ஐப்பசி மழையில் வியாசர்பாடி பக்கம் தேங்கும் தண்ணீரை நினைத்தால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். பட்டன் இருந்தாலும் 5 வருடம் தாண்டிய டயரை ஆண்டுக்கொருமுறை கழற்றிச் சோதியுங்கள். சைடுவாலில் நகம் பதியும் ஆழத்துக்கு வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டியதுதான். பளபளப்புக்காகப் பூசும் பெட்ரோலிய பாலிஷும் மண்ணெண்ணெயும் ரப்பரில் இன்னும் சீக்கிரம் வெடிப்பு விழ வைக்கும்.

வெடித்துவிட்டால்

பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து நேராக வையுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், வண்டி தானாக வேகம் இறங்கட்டும். 40-க்குக் கீழே வந்த பிறகு இடப்பக்கம் ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டரும் போட்டு, எல்லோரையும் தடுப்புக்கு அப்பால் இறக்குங்கள். உயரமான வண்டி என்பதால் பயத்தில் ஒரு ஒடி ஒடித்தால் கவிழும். மதிய வெயிலில் தார் இளகியிருக்கும், ஜாக்கி அதில் இறங்கிச் சாயும். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அங்குலம் கனமுள்ள பலகை ஒன்றை டிக்கியில் வைத்திருந்து அதன்மேல் ஜாக்கியை நிறுத்துங்கள். மாட்டிய நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

ஸ்டெப்னியையும் மாதம் ஒருமுறை அளந்து, முழு லோடு கணக்குக்கு நிரப்பி வையுங்கள். ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ போன்றவற்றில் அது வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது. எண்ணூர் உப்புக் காற்றில் அந்தச் சங்கிலியும் அதைச் சுற்றும் வின்சும் துருவேறி இறுகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலிலேயே ஸ்டெப்னியைத் தரை வரை இறக்கி, சங்கிலியைத் துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி ஏற்றிப் பூட்டுங்கள்.