பனி விடியலில் லொறி மக்கர் பண்ணுதா?

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லெல்லாம் வெள்ளையாய் உறையும் விடியலில், லீக்ஸ் மூட்டை ஏற்றிய டீசல் லொறி முக்கி முனகும். அதற்காக செல்ஃபை (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டரை) விடாமல் அடிக்காதீர்கள். 10 விநாடிக்கு மேல் வேண்டாம். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள்.

அடிக்கும்போது பின்னால் ஒருவரைப் புகை பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியத்தான் சூடு போதவில்லை. இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். புகையே இல்லையா? டீசல் வரவில்லை. ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்து, டீசல் கைப்பம்பை அடித்து டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுங்கள்.

செல்ஃபே சோம்பலாய்ச் சுற்றினால் முதல் சந்தேகம் பெட்டரி மேல்தான். வயரைக் கழற்றி, முனையில் பூத்த பொடியைச் சுடுநீரால் கழுவித் துடைத்து இறுக்கினாலே பல லொறிகள் கிளம்பிவிடும்.

டேங்கடியில் பந்தம் காட்டும் பழைய வித்தை மட்டும் வேண்டவே வேண்டாம்.