மூன்று மாதம் அரசு அலுவலகத்தில்: சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் குறுகிய கால ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி?

ஈரநிலமோ காற்று மாசோ நிலத்தடி நீரோ, எதையாவது நாலைந்து வருடம் தோண்டித் துருவி எழுதிவிட்டு, "இதையெல்லாம் யார்தான் படிக்கிறார்கள்?" என்று ஒரு நாளாவது சலித்துக்கொள்ளாத ஆய்வாளரை நான் பார்த்ததில்லை. அந்தச் சலிப்புக்கு நல்ல மருந்து இந்தக் குறுகிய கால அரசு ஃபெல்லோஷிப்புகள். சில வாரங்களோ சில மாதங்களோ ஒரு அமைச்சகத்திலோ நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவிலோ உட்கார்ந்து, விதிமுறை எழுதுகிறவர்களோடு சேர்ந்து வேலை பார்க்கலாம். நான் இதற்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடவில்லை, இரண்டாம் முறை கிடைத்தது. இடைப்பட்ட நேரத்தில் என் ஆய்வு பெரிதாக ஒன்றும் முன்னேறிவிடவில்லை, விண்ணப்பத்தை எழுதிய விதம்தான் மாறியிருந்தது. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

உங்கள் ஆய்வைத் தொடர்வதற்கு அவர்கள் இடம் தருவதில்லை. அவர்களிடம் ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் தேடித்தர ஆள் வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தீசிஸ் தவளைகளைப் பற்றியதாக இருக்கலாம். போன இடத்தில் பழைய பேட்டரிகளை எப்படிச் சேகரிப்பது என்று ஒரு குறிப்பு எழுதித் தரச் சொல்வார்கள். தெரியாத விஷயத்தை இரண்டு மாதத்தில் படித்து, நம்பகமானது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரித்து, அவசரத்தில் இருக்கிற ஒரு அதிகாரிக்குப் புரிகிற மாதிரி எழுதுவது, இதுதான் வேலை. இது பிடிக்காது என்றால் விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் போஸ்ட் என்ற அறிவியல் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் தொடங்கியது. அங்கே முனைவர் பட்ட மாணவர்கள் சுமார் மூன்று மாதம் வந்து, ஒரு தலைப்பில் நிபுணர்கள், அரசுத் துறைகள், தொழில் அமைப்புகள், தன்னார்வ அமைப்புகள் என்று எல்லாத் தரப்போடும் பேசி, எம்பிக்களுக்காகச் சுருக்கமான குறிப்பு ஒன்று எழுதுகிறார்கள். வெளி நிபுணர்கள் சரிபார்த்த பிறகுதான் அது வெளியாகும். அந்தப் பழைய குறிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கே விண்ணப்பிப்பதாக இருந்தாலும் சுற்றுச்சூழல் பற்றி அதில் ஐந்தாறு எடுத்துப் படித்துவிடுங்கள், நடை என்ன என்று கைக்குப் பழகிவிடும்.

படி 2: உங்களுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்

எழுத ஆரம்பிக்கும் முன் தகுதிப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் கதவு மூடும்: குடியுரிமை, படிப்பு நிலை, யார் உங்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்பது.

அமெரிக்காவில் ஏஏஏஎஸ் என்ற அறிவியல் சங்கம் 1973 முதல் ஆய்வாளர்களை அரசுக்குள் அனுப்புகிறது. அது ஒரு வருடத் திட்டம், அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். பிரிட்டனில் ஆய்வுகளுக்கு அரசு நிதி தரும் யுகேஆர்ஐ என்ற அமைப்பு நடத்தும் கொள்கைப் பயிற்சி மூன்று மாதம்தான், ஆனால் அந்த அமைப்பின் நிதியில் முனைவர் பட்டம் செய்கிறவர்களுக்கு மட்டும். ஐரோப்பிய ஆணையத்தின் புளூ புக் பயிற்சி ஐந்து மாதம், மார்ச்சிலும் அக்டோபரிலும் தொடங்கும், உதவித்தொகை உண்டு, பட்டம் முடித்திருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்களையும் கொஞ்சம் பேரை எடுக்கிறார்கள். இந்தியாவில் நிதி ஆயோக் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை இன்டர்ன்ஷிப் தருகிறது, ஆனால் சம்பளம் கிடையாது. ஆஸ்திரியாவில் இருக்கும் ஐஐஏஎஸ்ஏ அரசு அலுவலகம் இல்லை, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆய்வு நிறுவனம். 1977 முதல் முனைவர் பட்ட மாணவர்களுக்கு மூன்று மாதக் கோடைத் திட்டம் நடத்துகிறது. கொள்கை சார்ந்த கணினி மாடலிங் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அது நல்ல வழி.

ஃபெல்லோஷிப், இன்டர்ன்ஷிப், டிரெய்னிஷிப், பிளேஸ்மென்ட், செகண்ட்மென்ட் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பெயர். தேடும்போது எல்லாப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். பெயரில் இன்டர்ன்ஷிப் என்று இருக்கிறதே, நான் முனைவர் பட்டம் செய்கிறவன் ஆயிற்றே என்று ரோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள், நான் அப்படி ஒன்றை விட்டுவிட்டுப் பிறகு வருத்தப்பட்டிருக்கிறேன்.

படி 3: அந்தத் துறை இப்போது எதில் மாட்டிக்கொண்டிருக்கிறது?

பலரும் தவறவிடுகிற படி இது. விண்ணப்பிக்கும் துறையின் கடந்த ஒரு வருட வரைவு விதிகள், பொதுமக்கள் கருத்துக் கேட்ட அறிவிப்புகள், நாடாளுமன்றக் கேள்வி பதில்கள், தணிக்கை அறிக்கைகள் இந்த நாலையும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். குறிப்பாகக் கேள்வி பதில்கள். ஒரே கேள்வியை நாலைந்து உறுப்பினர்கள் வெவ்வேறு வார்த்தையில் கேட்டிருந்து, துறையும் "பரிசீலனையில் உள்ளது" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தால், அங்கே ஆள் தேவைப்படுகிறது என்று அர்த்தம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் காற்றில் பிஎம் 2.5 நுண்துகளுக்கான ஆண்டு சராசரி வழிகாட்டு அளவை ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. அது வழிகாட்டுதல்தான், எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் வரம்பை மாற்ற வேண்டுமா, மாற்றினால் எந்த ஆண்டுக்குள், எந்தத் தொழிலுக்கு எவ்வளவு செலவு என்ற கேள்விகள் துறையின் மேசைக்கு வந்து விழும். காற்று பற்றி ஆராய்கிற ஒருவர் இந்த இடத்தில் கையைத் தூக்கலாம்.

படி 4: நோக்க அறிக்கை எழுதுவது

என் முதல் விண்ணப்பம் விழுந்தது இங்கேதான். தீசிஸின் சினாப்சிஸை வெட்டி ஒட்டி, கடைசியில் "இது கொள்கை வகுப்பாளர்களுக்குப் பயன்படும்" என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினேன். எப்படிப் பயன்படும் என்று எனக்கே தெரியாது.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "ஆற்றுப்படுகை ஒன்றின் ஆழமற்ற நிலத்தடி நீரில் நைட்ரேட் செறிவின் காலம் சார்ந்த, இடம் சார்ந்த மாறுபாடுகளை நைட்ரஜன், ஆக்ஸிஜன் ஐசோடோப்புகளைக் கொண்டு ஆராய்ந்து வருகிறேன்."

(ஐசோடோப்பு என்றால் ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணு வகைகள்.) தப்பே இல்லாத வாக்கியம், ஆனால் படிக்கிற அதிகாரிக்கு "சரி, அதனால் என்ன?" என்றுதான் தோன்றும். அதே ஆய்வை இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட்டைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், கைக்குழந்தைகளுக்கு ஆபத்து என்பதால். ஒரு கிணற்றில் அது தாண்டியிருக்கிறது என்றால் யார் நடவடிக்கை எடுப்பது? உரத்திலிருந்து வந்திருந்தால் வேளாண் துறை, சாக்கடையிலிருந்து வந்திருந்தால் உள்ளாட்சி. தண்ணீரில் உள்ள நைட்ரேட்டின் ஐசோடோப்பைப் பார்த்து ரசாயன உரமா, கழிவா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். ஆனால் மனிதக் கழிவையும் மாட்டுச் சாணத்தையும் இந்த முறையை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம், அதற்கு வேறு சோதனையும் தேவை."

முதலாவதில் கருவி இருக்கிறது, இரண்டாவதில் யார் என்ன முடிவு எடுக்க வேண்டும் என்பது இருக்கிறது. கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். என் முறையால் இது முடியாது என்று தானாகவே சொல்கிறது. தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு, எல்லாம் தெரியும் என்று எழுதுகிறவரைவிட எதுவரை தெரியும் என்று எழுதுகிறவர் மேல்தான் நம்பிக்கை வரும், ஏனென்றால் நாளைக்கு அந்தக் குறிப்பில் தப்பு இருந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான்.

அறிக்கையில் தீசிஸுக்கு நாலு வரி போதும். மீதி இடத்தில் படி 3-ல் நீங்கள் கண்டுபிடித்த கேள்வி, அதை அணுக உங்களிடம் இருக்கிற திறமை, நீங்கள் வேறு துறைக்காரர்களுக்கு எதையாவது விளக்கிய அனுபவம் வரட்டும். "சிறு வயதிலிருந்தே இயற்கை மீது ஆர்வம்" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் இருக்கிற நாற்பது பேரும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார்கள்.

படி 5: மாதிரிக் குறிப்பு

பல இடங்களில் ஒன்று அல்லது இரண்டு பக்கத்தில் ஒரு கொள்கைக் குறிப்பு எழுதி அனுப்பச் சொல்வார்கள். முடிவை முதல் பத்தியிலேயே வையுங்கள், ஆய்வுக் கட்டுரை மாதிரி கடைசி வரை காக்க வைக்காதீர்கள். அப்புறம் இப்போது என்ன சட்டம் இருக்கிறது, சான்று என்ன சொல்கிறது, எங்கே கருத்து வேறுபாடு, என்னென்ன வழிகள், ஒவ்வொன்றிலும் யாருக்கு லாபம், யாருக்குச் செலவு. "ஒன்றும் செய்யாமல் விடுவது" என்பதும் ஒரு வழிதான், அதையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் துறை தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, திருப்பி வாங்கிக்கொண்டு, என்ன புரிந்தது என்று கேளுங்கள். என் தங்கை ஒரு குறிப்பைப் படித்துவிட்டு, "இப்ப நீ அதை வேணும்னு சொல்றியா, வேண்டாம்னு சொல்றியா?" என்று கேட்டாள். மொத்தத்தையும் திருப்பி எழுதினேன்.

படி 6: கைடிடம் பேசுவதும் பணமும்

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போய் நிற்காதீர்கள். மூன்று மாதம் ஆய்வகத்தில் ஆள் இருக்காது என்றால் எந்த கைடும் முதலில் முகம் சுளிப்பார். எந்த மாதம் போகிறீர்கள், அதற்குள் எந்த அத்தியாயம் முடியும், கருவியை யார் பார்த்துக்கொள்வார் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனால் பேச்சு சுலபமாக முடியும். பல்கலைக்கழகத்தின் தடையில்லாச் சான்று தேவையா, அந்த மூன்று மாதம் முனைவர் பட்டக் காலத்தில் கழியுமா, உங்கள் ஸ்டைபெண்ட் நிற்குமா என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப் பேச்சை நம்பி ஒரு மாத உதவித்தொகையை இழந்தவன் சொல்கிறேன்.

சம்பளம் இல்லாத இடம் என்றால் வாடகை, பயணம், சாப்பாடு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடன் வாங்கிப் போகிற அளவுக்கு எந்த ஃபெல்லோஷிப்பும் தகுதியானது இல்லை என்பது என் கருத்து. வீட்டிலிருந்தே செய்கிற வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

படி 7: இன்டர்வியூ

நீளமான ஒரு அறிக்கையைக் கையில் கொடுத்து, கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகச் சுருக்கச் சொல்லலாம், அதை வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பழகுங்கள். இன்னொன்று, "உங்கள் ஆய்வு சொல்வதற்கு நேர் எதிரான முடிவைத் துறை எடுத்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி. சண்டை போடுவேன் என்பதும் எடுபடாது, நீங்கள் சொன்னால் சரிதான் என்பதும் எடுபடாது. சான்றை முழுதாக, அது பலவீனமான இடங்களோடு எழுத்தில் கொடுப்பேன், செலவு, வேலைவாய்ப்பு, சட்டம் என்று மற்ற காரணங்களையும் எடைபோட்டு முடிவெடுப்பது அவர்கள் பொறுப்பு என்று நான் சொன்னேன். நீங்கள் ஏதாவது இயக்கத்திலோ தொழில் நிறுவனத்தின் நிதியிலோ இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால்தான் சிக்கல்.

படி 8: சேர்ந்த பிறகு

மூன்று மாதம் என்பது 13 வாரம். அதில் அடையாள அட்டை, மின்னஞ்சல், கணினி அனுமதி என்று முதல் இரண்டு வாரம் போய்விடும் (எனக்கு அட்டை வரும்வரை தினமும் வாசலில் ஒருவர் வந்து அழைத்துப் போனார்). சரிபார்ப்புக்கும் திருத்தத்துக்கும் கடைசியில் மூன்று வாரமாவது வேண்டும். ஆக உண்மையில் உங்கள் கையில் இருப்பது எட்டு வாரம். முதல் வாரத்திலேயே தலைப்பைச் சுருக்கிக்கொள்ளுங்கள்: "பிளாஸ்டிக் கழிவு" வேண்டாம், "சிறு நகரங்களில் பால் பாக்கெட் உறைகளைத் திரும்பப் பெறுவது" போதும்.

அங்கே பார்க்கிற கோப்புகள் உங்கள் தீசிஸுக்கான தரவு கிடையாது. எதை வெளியே பேசலாம், எதைக் கட்டுரையாக்கலாம் என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டு எழுதி வாங்குங்கள், சமூக வலைத்தளப் பதிவுக்கும் சேர்த்துத்தான்.

கடைசி வாரம் கேக் வெட்டுவதற்கு முன்னால், நீங்கள் திரட்டிய ஆவணங்கள், பேசியவர்களின் பட்டியல், பாதியில் நிற்கிற கேள்விகள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, எது எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, உங்கள் மேலதிகாரியிடம் மட்டும் கொடுக்காமல் அந்தப் பிரிவில் மாற்றல் ஆகாமல் நீண்ட நாள் இருக்கப்போகிறவர் யார் என்று விசாரித்து அவரிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள். எட்டு மாதம் கழித்து எனக்கு வந்த போன் அவரிடமிருந்துதான்: "நீங்க எழுதின மூணாவது அட்டவணை, அதுக்கு மூலக் கோப்பு எங்கே இருக்கு?"