சஃபாரி பட்ஜெட்: கூடாரத்தில் படுத்தால் மட்டும் செலவு குறையாது

ஆப்பிரிக்க சஃபாரிக்குக் கணக்குப் போட உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எங்கே தங்குவது?" என்பதுதான். கூடாரமா, நடுத்தர விடுதியா, சொகுசு முகாமா? பாரிஸுக்கோ பாலிக்கோ போகிறவர்களுக்கு அது சரியான கேள்வி. அங்கே மலிவான அறையாகப் பார்த்தால் மொத்தச் செலவே கணிசமாக இறங்கிவிடும். தான்சானியாவிலும் கென்யாவிலும் அப்படி இறங்காது. பூங்கா நுழைவுக் கட்டணம், வண்டி, டீசல், ஓட்டுநர் சம்பளம் ஆகியவைதான் அங்கே பணத்தை விழுங்குகின்றன. தரையில் பாய் விரித்துப் படுப்பவருக்கும் நான்கு தூண் கட்டிலில் படுப்பவருக்கும் இந்தச் செலவுகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே சொகுசின் அளவை முடிவு செய்வதற்கு முன்பு அடித்தளச் செலவைக் கணக்கிட வேண்டும். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன.

ஒரு கணக்கு

வட தான்சானியாவில் வழக்கமான நான்கு நாள், மூன்று இரவுப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். அருஷா நகரிலிருந்து புறப்பட்டு முதல் நாள் தரங்கிரே பூங்கா. இரவு கராட்டு ஊரில். இரண்டாம் நாள் ங்கோரோங்கோரோ வழியாக செரெங்கெட்டி. இரவு செரோனேரா பகுதிப் பொது முகாமில். மூன்றாம் நாள் மதியம் வரை செரெங்கெட்டி, பிறகு ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் சிம்பா முகாம். நான்காம் நாள் பள்ளத்துக்குள் இறங்கி ஏறி அருஷா திரும்புவது.

2024-25 அட்டவணைப்படி, வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு, 18 சதவீத மதிப்புக் கூட்டு வரியையும் சேர்த்துப் பார்த்தால்: தரங்கிரே 59 டாலர். ங்கோரோங்கோரோவைக் கடந்து போவதற்கு 70.80. செரெங்கெட்டி 24 மணி நேரத்துக்கு 82.60. திரும்பி வரும்போது ங்கோரோங்கோரோவுக்கு மறுபடியும் 70.80. இரண்டு இரவு முகாம் கட்டணம் தலா 35.40. கூட்டினால் 354 டாலர். பள்ளத்துக்குள் வண்டி இறங்க, ஒரு முறைக்கு ஒரு வண்டிக்கு 295 டாலர்.

இன்னும் வண்டிக்குக் காசு கொடுக்கவில்லை. ஒரு வேளைச் சோறும் சாப்பிடவில்லை.

மேற்கூரை திறக்கும் லேண்ட் குரூசர், வழிகாட்டி ஓட்டுநரோடும் டீசலோடும், நாளுக்குச் சுமார் 250 டாலர் என்று வையுங்கள். நான்கு நாளுக்கு 1,000. இருவர் மட்டும் போனால் தலைக்கு வண்டிப் பங்கு 500, பள்ளத்துப் பங்கு 147.50, நுழைவும் முகாமும் 354. ஆக 1,001 டாலருக்கு மேல். நாளுக்கு 250. ஆறு பேர் சேர்ந்து போனால் இதே கணக்கு தலைக்குச் சுமார் 570, நாளுக்கு 142. சமையல்காரர், உணவு, கூடார வாடகை, கராட்டில் ஓர் இரவு தங்கும் செலவு, நிறுவனத்தின் லாபம் எல்லாம் இதற்கு மேல்தான்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனங்கள் அனுப்பும் விலைப்பட்டியலைப் படித்துப் பாருங்கள். "இருவருக்கான தனிப் பயணம், நாளுக்கு 150 டாலர், எல்லாம் அடக்கம்" என்று ஒருவர் எழுதினால் அவர் தள்ளுபடி தரவில்லை, எதையோ விட்டிருக்கிறார். ஒன்று, கடைசி நிமிடத்தில் வேறு நால்வர் உங்கள் வண்டியில் ஏறுவார்கள். இல்லையென்றால் பள்ளத்துக்குள் இறங்குவது "விருப்பத் தேர்வு" என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஓட்டுநரின் சம்பளத்தில் கை வைத்திருப்பார்கள். அந்தக் குறையை உங்கள் அன்பளிப்பால் நிரப்ப வேண்டியிருக்கும்.

தோராயமாகச் சொன்னால், வட தான்சானியாவில் குழுவோடு பகிரும் கூடாரப் பயணம் தலைக்கு நாளுக்கு 200 முதல் 300 டாலர். நடுத்தர விடுதி 350 முதல் 550. சொகுசு 700-இல் தொடங்கி எங்கேயோ போகும். முதல் இரண்டு படிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் படுக்கையின் விலை என்று நினைப்பது தவறு. அதில் பெரும்பகுதி, வண்டியை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நண்பர்கள் இருவரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு நால்வராகப் போகிற தம்பதி, கூடாரத்துக்கு இறங்காமலேயே செலவைக் கணிசமாகக் குறைத்துவிடலாம்.

வண்டியில் மிச்சம் பிடிப்பது

பகிர்வது வேறு, நெருக்கியடிப்பது வேறு. கென்யாவில் மலிவான பயணங்களுக்கு மினிவேன் வரும். அதில் ஏழு பேர் ஏற்றினால் எல்லாருக்கும் ஜன்னல் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இடது பக்கப் புதரில் சிறுத்தை இருக்கிறது என்று ஓட்டுநர் கிசுகிசுத்தவுடன் ஏழு பேரும் ஒரே பக்கம் எழுவார்கள். திறந்த கூரைக்கு அடியில் ஏழு தலை, பதினான்கு முழங்கை. வலது பக்கம் உட்கார்ந்திருந்தவருக்குக் கிடைப்பது முன்னால் நிற்பவரின் தொப்பி. முன்பதிவு செய்யும்போதே இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வண்டியில் அதிகபட்சம் எத்தனை பேர், எல்லாருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா. மழைக்காலமாக இருந்தால் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிதானா என்பதையும் கேளுங்கள். கரிசல் மண்ணில் வேன் புதைந்துவிட்டால் அரை நாள் போய்விடும்.

எந்தத் தரத்தில் போனாலும் கடைசியாகக் கை வைக்க வேண்டியது வழிகாட்டியின் தரத்தில்தான். கழுகு வட்டமிடுவதைப் பார்த்து எங்கே இரை கிடக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஓட்டுநர் கூடாரப் பயணத்தையே பெரும் பயணமாக்கிவிடுவார். தெரியாதவரோடு ஆயிரம் டாலர் முகாமில் தங்கினாலும், மற்ற வண்டிகள் கூடி நிற்கும் இடத்துக்குப் பின்னால் போய் நிற்பீர்கள்.

கடிகாரத்தைப் பார்க்காமல் திட்டமிடுவது

செரெங்கெட்டியில் நுழைவுச் சீட்டு 24 மணி நேரத்துக்கு. நாபி மலை வாயிலில் மதியம் ஒரு மணிக்கு முத்திரை விழுந்தால் மறுநாள் ஒரு மணிக்குள் வெளியேற வேண்டும். தாண்டினால் இன்னொரு நாள் கட்டணம். பதினொன்றரைக்கு ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், வேல மரத்தடியில் குட்டிகளோடு படுத்திருக்கும் சிங்கத்தை விட்டுவிட்டு வண்டியைத் திருப்புவதும் இதனால்தான். அவர்மேல் கோபப்படுவதில் பொருள் இல்லை.

கென்யாவின் மசாய் மாராவில் நிலைமை இன்னும் கறார். 2024 முதல் வெளிநாட்டவருக்கு ஜனவரி-ஜூன் மாதங்களில் நாளுக்கு 100 டாலர், ஜூலை-டிசம்பரில் 200 டாலர். சீட்டு காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரைதான். 24 மணி நேரம் அல்ல. நைரோபியிலிருந்து நரோக் வழியாக ஐந்தாறு மணி நேரம் சாலையில் வந்து, ஆகஸ்ட் மாதத்தில் மாலை நான்கு மணிக்கு செகனானி வாயிலில் நுழைந்தால், அந்த இரண்டு மணி நேர உலாவுக்குத் தலைக்கு 200 டாலர். "மூன்று நாள், இரண்டு இரவு" என்ற விளம்பரப் பயணத்தை இப்படிச் செய்தால் நுழைவுக்கு மட்டும் 600. முதல் நாள் மாலை வாயிலுக்கு வெளியே தங்கி ஓய்வெடுத்து, இரண்டாம் நாள் விடிகாலை நுழைந்து மாலை வரை சுற்றி, மூன்றாம் நாள் காலையில் நேரே ஊர் திரும்பினால் 200-இல் முடியும். முழு நாள் ஒன்று கூடுதலாக வேண்டும் என்றால் 400. எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். ஆனால் இது உங்களுக்குத் தெரிந்து நடக்க வேண்டும்.

மலிவுப் பயணிகளுக்கு வாயிலுக்கு வெளியே தலேக், செகனானிப் பகுதி முகாம்கள் இந்த வகையில் வசதி. பூங்காவுக்குள் தங்குபவர்கள் கடைசி நாள் காலை 10 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். இல்லையென்றால் இன்னொரு சீட்டு.

செரெங்கெட்டியின் தெற்கு எல்லையை ஒட்டிய ந்டூட்டுவிலும் இப்படி ஒரு கண்ணி இருக்கிறது. பிப்ரவரியில் வைல்டுபீஸ்ட் என்ற பெரிய மான் இன விலங்கு கன்று ஈனும் காட்சிக்காக அங்கே போகிறார்கள். அந்த இடத்தின் பெரும்பகுதி ங்கோரோங்கோரோ நிர்வாகத்தின் கீழ் வருகிறது. எல்லை தாண்டி செரெங்கெட்டிக்குள் வண்டியை விட்டால் அதற்குத் தனிக் கட்டணம். கூட்டம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒரே நாளில் இரண்டு சீட்டு எடுக்க நேரலாம்.

ஒரே ஒரு மாதத்தை நம்பிப் போவது

மாரா ஆற்றை வைல்டுபீஸ்ட் மந்தைகள் கடக்கும் காட்சியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை என்பது பொதுவான காலம். எந்த நாள், எந்தத் துறை என்று மந்தைதான் முடிவு செய்யும். ஆண்டின் மிக அதிக விலை, மிக அதிக நெரிசல், 200 டாலர் சீட்டு மூன்றும் அதே மாதங்களில் சேர்ந்துகொள்கின்றன. சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி பார்த்தால் போதும் என்பவருக்கு இந்தக் கூடுதல் செலவு வீண். மாராவில் ஜூன் மாதம் 100 டாலர் சீட்டில் நல்ல வானிலை கிடைக்கும். ஏப்ரல், மே பெருமழை மாதங்களில் விடுதி விலை நன்றாக இறங்கும், ஆனால் சில முகாம்கள் மூடியிருக்கும். அந்த மாதங்களைத் துணிந்தவர்களுக்கு விட்டுவிடலாம்.

நாள் குறைவாக இருக்கிறதே என்று ஐந்து நாளில் அம்போசெலி, நகுரு, மாரா மூன்றையும் திணிப்பதும் இதே வகைப் பேராசை. இடம் மாறும் ஒவ்வொரு நாளும் வண்டி வாடகை ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் பார்ப்பதோ நெடுஞ்சாலை லாரிகளை. ஒரே பூங்காவில் மூன்று நாள் இருப்பவர் செலவிலும் குறைவு, பார்ப்பதிலும் அதிகம்.

மேல் தட்டுக்குப் போகிறவர்கள் செய்வது

சொகுசுப் பயணிகளின் தவறு வேறு மாதிரி. காலை 6 மணிக்கு வண்டியில் ஏறி, வெயில் ஏறிய பின் திரும்பி, மறுபடி மாலை கிளம்புகிறவருக்கு நீச்சல் குளமும் மசாஜும் எவ்வளவு நேரம் பயன்படும்? கூடுதல் பணம் உண்மையிலேயே எதையாவது வாங்கித் தருகிறது என்றால் அது இருப்பிடம்தான். மாராவை ஒட்டிய நபோய்ஷோ, ஓலாரே மொடோரொகி போன்ற சமூகக் காப்பகங்களில் வண்டிகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு; இரவு உலாவும் நடைப் பயணமும் உண்டு. முதன்மைப் பூங்காவில் இவை கிடையாது. காப்பகக் கட்டணம் பெரும்பாலும் அறை விலைக்குள் இருக்கும். அங்கிருந்து முதன்மைப் பூங்காவுக்கு ஒரு நாள் போக வேண்டும் என்றால் அந்தச் சீட்டு தனி.

"எல்லாம் அடக்கம்" என்ற சொல்லில் எது எது அடங்கும் என்று கேளுங்கள். தனி வண்டி பெரும்பாலும் அடங்காது. விருந்தினர் எல்லாரும் முகாம் வண்டியைப் பகிர்வார்கள். தனியாகப் போகிறவருக்கு ஒற்றை அறைக் கூடுதல் தொகை உண்டு. வெப்பக்காற்று பலூன் சுமார் 500 டாலருக்கு மேல், அதுவும் தனி. நைரோபி வில்சன் நிலையத்திலிருந்து போகும் சிறு விமானத்தில் கைப்பை உட்பட 15 கிலோதான் வழக்கமான வரம்பு. பையும் மடங்கும் துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த பெட்டியோடு போனவர் அதை நைரோபியில் விட்டுவிட்டு, கூடுதல் இருக்கைக்குப் பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்பார்.

க்ரூகரை மறந்துவிடுவது

குறைந்த செலவு என்பதே முதல் தேவை என்றால், செரெங்கெட்டியைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதைவிட தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போவது நல்லது. அங்கே உங்கள் வாடகைக் காரை நீங்களே ஓட்டலாம். முக்கியச் சாலைகள் தார்ச் சாலைகள். சாதாரணக் கார் போதும். வண்டி ஓடுவதும் நம் ஊர்போல இடப்பக்கம்தான். வெளிநாட்டவருக்கு நாளுக்குச் சுமார் 600 ரேண்ட் கட்டணம். ஸ்குகூசா, லோயர் சாபி, சதாரா போன்ற அரசு முகாம்களில் சமையல் வசதியுள்ள குடில்கள் உண்டு. வழிகாட்டி, நிறுவன லாபம் என்ற இரண்டு பெரிய செலவுகளும் இங்கே மறைந்துவிடுகின்றன.

இங்கும் ஒரு தவறு காத்திருக்கிறது. தார்ச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40. வரைபடத்தில் 90 கிலோமீட்டர் என்று பார்த்து இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போடுவார்கள். நடுவில் யானைக் கூட்டம் சாலையை அடைத்து நின்றால் முகாம் வாயில் மூடும் நேரம் தாண்டிவிடும். அதற்கு அபராதம் உண்டு. குடில்கள் பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடும். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு நவம்பரில் தேடினால் எதுவும் மிஞ்சியிருக்காது.

பட்டியலில் வராத சில்லறைகள்

இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தான்சானியா விசா 50 டாலர். கென்யாவின் மின்னணுப் பயண அனுமதி 30 டாலரும் சிறு சேவைக் கட்டணமும். சான்சிபாருக்கும் போகிறவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் 44 டாலர் கட்டாயக் காப்பீடு. கென்யா அல்லது உகாண்டா போய் இந்தியா திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் திரும்பி வரும்போது தனிமைப்படுத்தல் முகாமில் உட்கார நேரிடும். டாலர் நோட்டுகள் 2006-க்குப் பிந்தைய அச்சாக, கசங்காமல் இருக்க வேண்டும். பழைய நோட்டைத் தான்சானியாவில் வாங்க மாட்டார்கள்.

அன்பளிப்பைக் கடைசி நாள் சங்கடமாக விடாமல் பட்ஜெட்டிலேயே எழுதிவையுங்கள். வட தான்சானியாவில் வழிகாட்டி ஓட்டுநருக்கு ஒரு வண்டியிலிருந்து மொத்தமாக நாளுக்கு 20 முதல் 25 டாலர், கூடாரப் பயணச் சமையல்காரருக்கு 10 முதல் 15 என்பது வழக்கம். இது தலைக்கு அல்ல, குழுவுக்கு. இருவருக்கும் தனித்தனி உறையில் நேரடியாகக் கொடுங்கள். ஓட்டுநரிடம் மொத்தமாகக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொன்னால், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உங்களுக்குச் சப்பாத்தி சுட்டவருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது.